ஒரே உறையில் இரண்டு பிறந்த தேதி

பிளெய்ன்ஸ்பரோ, நியூஜெர்சி
12 மே 1996

அன்புள்ள சபரிக்கு அப்பா எழுதுவது.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நாம் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். உன் அம்மா ரிசீவரைப் பிடுங்கி, "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டு வைத்துவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நான் நிதானமானவன்.

போன மாதம் எடிசனில் ஒரு கல்யாணத்தில் சென்னியப்பன் என்பவரைப் பார்த்தேன். சொந்த ஊர் சென்னிமலை. இப்போது கலிபோர்னியாவில் பிளசன்டனில் வீடு. கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. பெண் பெயர் ஜலஜா, பார்மசி முடித்திருக்கிறாள். பேச்சு உன்னைப் பற்றி வந்தது.

"பையன் என்னங்க பண்றான்?"

"டெக்சஸ்ல பேஸ்பால் விளையாடறானுங்க. பிட்சர்."

"அது சரிங்க. வேலை?"

"அதுதானுங்க வேலை. பந்து எறியறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "எங்க பையன் பேஸ்பால் பாத்துக்கிட்டு டிவிக்கு முன்னாடியே கெடக்கறானுங்க. அவங்கிட்டச் சொன்னா அக்காளைக் கூட்டிக்கிட்டு அவனே கெளம்பிருவான்" என்றார். நல்ல மனிதர்.

போன திங்களன்று ஜாதகம் அனுப்பிவிட்டேன். கூட ஒரு போட்டோ கேட்டிருந்தார். பட்டமளிப்புப் படத்தில் உன் கண் மூடியிருக்கிறது. அதனால், உன் அணி மைதானத்தில் விற்கிறதே, உன் படம் போட்ட அட்டை, அதில் ஒன்றை வைத்தேன். பந்தை எறியக் கையை ஓங்கி நிற்கிறாய். முகம் தெளிவாக இருக்கிறது.

கோபப்படாதே. பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம்.

அப்பா


வேக்கோ, டெக்சஸ்
26 மே 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். எங்கள் அணி வெளியூர் போவதெல்லாம் பஸ்ஸில்தான். பக்கத்தில், நான் எறியும் பந்தைப் பிடிக்கிற கேட்சர் தூங்கிக்கொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் எழுந்து, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டான்.

அந்த அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா?

ஜாதகத்தில் நான் பிறந்தது 1970 ஆவணி. அட்டையில் 1972 ஜூன் 1. கோபியில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டரிடம் நீங்கள் கொடுத்த தேதி. பாஸ்போர்ட், கிரீன் கார்டு, காலேஜ், இந்த அணியோடு போட்ட ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதுதான். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் இருப்பதுபோல, வீட்டில் ஆவணியும் வெளியில் ஜூனும் என்று வளர்ந்தேன். எனக்கு அது விசித்திரமாகவே பட்டதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஒருவருக்கு அனுப்ப உங்களால் மட்டும்தான் முடியும்.

இங்கே என் நிலைமையைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது இரண்டாவது படி. மேலே இன்னும் ஒரு படி. அதற்கு மேல் டிவியில் நீங்கள் பார்க்கிற பெரிய லீக். இந்த வருடம் நன்றாக எறிகிறேன். செப்டம்பரில் பெரிய அணி கீழேயிருந்து சிலரைக் கூப்பிட்டுப் பார்க்கும். என் பெயர் அந்தப் பேச்சில் இருக்கிறது என்று கோச் சொன்னார். இருபத்து நாலு வயதில் இப்படி எறிந்தால், இன்னும் வளர்வான் என்று நினைப்பார்கள். இருபத்தாறில் இதையே எறிந்தால், இவன் இவ்வளவுதான் என்பார்கள்.

அந்த ஜாதகத்தைத் திருப்பி வாங்குங்கள். இந்த வாரமே.

சபரி


பிளெய்ன்ஸ்பரோ
9 ஜூன் 1996

அன்புள்ள சபரிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் சென்னியப்பன் கூப்பிட்டுவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஜாதகத்துல ஒரு வருசம், அட்டைல ஒரு வருசம் இருக்குதுங்களே. எதுங்க நெசம்?"

"ஜாதகந்தானுங்க நெசம். பள்ளிக்கூடத்துல குறைச்சுப் போட்டது."

"அப்படிச் சொல்லுங்க. எனக்கே ஒண்ணரை வருசம் கம்மிங்க" என்று சிரித்தார். என் கணக்கில் அது முடிந்த விஷயம். ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டால்தான் சந்தேகம் வரும். கேட்கவில்லை.

நான் செய்யக் கூடாததைச் செய்துவிட்டது போல எழுதியிருக்கிறாய். நான் அப்போது குடிநீர் வாரியத்தில் கெமிஸ்ட். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்குச் சரியான தேதி கொடுத்தார்கள்? நாளைக்கு அரசு வேலை கிடைத்தால் ஓய்வு பெறுவது இரண்டு வருடம் தள்ளிப் போகும் என்று எல்லோரும் செய்தது. நீ அமெரிக்கா வந்து பந்து எறிவாய் என்று எந்த ஜோசியரும் என்னிடம் சொல்லவில்லை.

இருபத்து நாலுக்கும் இருபத்தாறுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? அதே கைதானே?

உன் அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மருந்து பிளாண்ட்ல ஒரு மாத்திரை டப்பாவை ஒம்போது தடவை திருப்பிப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுவீங்க. பெத்த பையன் அட்டைய ஒருக்காத் திருப்பிப் பாக்கத் தோணலையாக்கும்?" என்றாள். ஆக, உன் கட்சியில் ஓர் ஆள் சேர்ந்தாயிற்று.

அப்பா


வேக்கோ
30 ஜூன் 1996

அப்பாவுக்கு,

விஷயம் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெனரல் மேனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு ஃபேக்ஸ். பிளசன்டனிலிருந்து. உங்கள் நல்ல மனிதர்தான் அனுப்பியிருக்கிறார். தங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் இன்னாருடைய சரியான பிறந்த தேதியைத் திருமண நிமித்தம் உறுதிப்படுத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று. இரண்டு தேதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் அடித்திருக்கிறார்.

மேனேஜர் முதலில் சிரித்தார். "முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மாமனார் ஃபேக்ஸ் அனுப்பியது இதுதான் முதல் தடவை" என்றார். நானும் சிரித்தேன். பிறகு, "எது சரி?" என்றார்.

"இரண்டும் என்னுடையதுதான்" என்றேன். "ஒன்று என் அம்மாவுக்குத் தெரிந்தது. இன்னொன்று ஹெட்மாஸ்டர் எழுதியது."

"எனக்கு ஒன்றுதான் வேண்டும், மகனே."

சொல்லிவிட்டேன். 1970.

அவர் சிரிப்பு நின்றது. எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்டார். எப்போதுமே தெரியும் என்றேன். அதற்கப்புறம் அந்த அறையில் நான் ஒரு மோசடிக்காரன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது என்னை யாரும் தேதி கேட்கவில்லை, பாஸ்போர்ட்டைப் பார்த்து அவர்களே எழுதிக்கொண்டார்கள் என்றேன். தலையை ஆட்டினார். நம்பியது போலவும் இல்லை, நம்பாதது போலவும் இல்லை. கடைசியில், "உன் அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வாங்கு. நடந்தது என்ன என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு. மேலே காட்ட எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும்" என்றார்.

பொய் எழுதச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுங்கள். அந்தத் தேதியைக் கொடுத்தது நீங்கள், நான் அல்ல என்று. அது ஒன்று போதும். எனக்கு வயது கூடிப்போனதைச் சமாளித்துக்கொள்வேன். ஏமாற்றினேன் என்ற பெயரோடு என்னால் எறிய முடியாது.

முழங்கையில் கொஞ்ச நாளாக ஒரு இறுக்கம். யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கடிதத்தை உடனே அனுப்புங்கள்.

சபரி


பிளெய்ன்ஸ்பரோ
14 ஜூலை 1996

அன்புள்ள சபரிக்கு,

இதைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்கும் அம்மாவுக்கும் குடியுரிமை நேர்காணல் ஆகஸ்டில், நெவார்க்கில். அது முடிந்து உறுதிமொழி எடுக்க இன்னும் ஒரு மாதம் ஆகலாம். எடிசனில் நம் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். உன் மேனேஜர் கேட்டதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கிள், பையனோட கிரீன் கார்டுல இருக்கிற தேதி தப்புன்னு நீங்களே நோட்டரி முன்னால எழுதிக் குடுக்கப் போறீங்களா? அந்தக் கார்டுக்கு அப்ளை பண்ணினது யாரு? நீங்க. உறுதிமொழி முடியற வரைக்கும் தேதின்னு எழுதியிருக்கிற எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க."

இதில் என் பயம் எனக்காக மட்டும் இல்லை. உன் கார்டையும் தொட்டுவிட்டால், நீ எந்த ஊரில் பந்து எறிவாய்? குளத்தில் கல்லைப் போட்டுவிட்டு அலை எங்கே போகிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

செப்டம்பர் கடைசி வரை பொறு. உறுதிமொழி எடுத்த மறுநாளே எழுதுகிறேன். உன் மேனேஜரிடம் அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்.

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. நேற்றுச் சோற்றைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "கவர்மென்ட் வேலைக்குன்னு வயசைக் குறைச்சாரு. இப்ப கவர்மென்ட்டுக்குப் பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டாரு."

முழங்கைக்கு டாக்டரைப் பார். ஐஸ் மட்டும் வைத்தால் போதாது.

அப்பா


வேக்கோ
8 ஆகஸ்ட் 1996

அப்பாவுக்கு,

நீங்கள் ஊருக்குப் போயிருப்பதாக நான் சொல்லவில்லை. அப்பா எழுத மாட்டார் என்று சொன்னேன். மேனேஜர் வேறொன்றும் கேட்கவில்லை.

மேலே போக வேறொருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவனுக்கு இருபத்திரண்டு. என்னை ஆட்டத்தைத் தொடங்கும் இடத்திலிருந்து எடுத்து, கடைசியில் வந்து எறிகிறவர்களோடு உட்கார வைத்துவிட்டார்கள். எப்போது கூப்பிட்டாலும் எழுந்து எறிய வேண்டும். சில வாரம் தினமும்.

பையன்கள் வேடிக்கை செய்கிறார்கள். ஜூனில் ஒரு முறை பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை பாட கேக் ஆர்டர் கொடுத்திருக்கிறார்களாம். கேட்சர் மட்டும் சிரிப்பதில்லை. என் பந்து கையில் விழும்போதே அவனுக்குத் தெரிகிறது. "டாக்டரிடம் காட்டு" என்கிறான். இப்போது வலி என்றால் அதற்குப் பெயர் காயம் இல்லை, வயது. காட்ட மாட்டேன்.

எனக்கு எழுத வேண்டாம்.

சபரி


பிளெய்ன்ஸ்பரோ
20 அக்டோபர் 1996

அன்புள்ள சபரிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை நாங்கள் உறுதிமொழி எடுத்தோம். உன் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சிறிய கொடி ஒன்று கொடுத்தார்கள், அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை வேலைக்கு லீவு போட்டு, வங்கியில் நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு, உன் மேனேஜருக்கு அனுப்பினேன். எழுதியது இதுதான்: "இந்தத் தேதியைப் பள்ளியில் கொடுத்தவன் நான். என் மகனுக்கு அப்போது ஆறு வயது. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை."

பதில் அடுத்த வாரம் புதன்கிழமை வந்தது. இரண்டு வரி. கடிதத்துக்கு நன்றி, தங்கள் மகனை செப்டம்பர் பத்தாம் தேதியோடு ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிட்டோம், அவருக்கு எங்கள் வாழ்த்துகள்.

நீ சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. அவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

உன் வேக்கோ போன் வேலை செய்யவில்லை. உன் கேட்சர் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசினேன். அவன்தான் இந்த ஹூஸ்டன் விலாசத்தைக் கொடுத்தான். மரியாதையான பையன். "அவன் எறிந்ததிலேயே நல்லது ஜூன் மாதம்தான், சார்" என்றான். ஜூனில் அப்படி என்ன எறிந்தாய் என்று கேட்கத் தெரியவில்லை. நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சீசன் முடிந்து ஓய்வில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வா. உன் அறை அப்படியே இருக்கிறது.

அப்பா


ஹூஸ்டன்
19 ஜனவரி 1997

அப்பாவுக்கு,

ஹில்க்ராஃப்ட்டில் ஒரு இந்திய மளிகைக் கடையில் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிறேன். இடது தோளில். முதலாளி குஜராத்திக்காரர், நல்லவர். கடைக்கு வருகிற ஷ்யாமளா ஆன்ட்டி என்று ஒரு தமிழ் அம்மாள், நான் தமிழ் பேசுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து விடுவதில்லை. "ஏன்பா, இங்க காலேஜ் படிச்சிட்டா மூட்டை தூக்குறே? லே ஆஃப் ஆயிடுச்சா?" என்றார். ஆமாம் ஆன்ட்டி என்றேன். "கவலைப்படாதே, எங்காத்து மாமா கம்பெனில ரெஸ்யூமே குடுக்கச் சொல்றேன். என்ன எக்ஸ்பீரியன்ஸ்?" நான் பருப்பு டப்பாவை அடுக்கப் போய்விட்டேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது அதே வரிகளைத்தான்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அது ஜூலையிலேயே போயிருந்தாலும் மேலே கூப்பிட்டிருப்பார்களா என்று தெரியாது. இதைப் பலமுறை யோசித்துவிட்டேன். கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று ஒருநாள் தோன்றுகிறது, மறுநாள் வேறு மாதிரி தோன்றுகிறது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம்.

டிசம்பரில் தைவான் அணி ஒன்றின் ஆள் இங்கே வந்து, வேலையில்லாத பிட்சர்களை எறியச் சொல்லிப் பார்த்தார். வயது கேட்டார். உண்மையைச் சொன்னேன். "இந்த வருடம் ஜெயித்துக் கொடு. பத்து வருடம் கழித்து நீ என்ன ஆவாய் என்பது எங்கள் கவலை இல்லை" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. முழங்கையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டாலொழியச் சொல்லாமல் இருப்பது எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

பிப்ரவரியில் போகிறேன். அம்மாவிடம் நானே போனில் சொல்கிறேன்.

சபரி


பிளெய்ன்ஸ்பரோ
6 ஜூலை 1997

அன்புள்ள சபரிக்கு,

நீ அம்மாவுக்கு அனுப்பிய படம் வந்தது. சட்டையில் சீன எழுத்து. அதை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். என்னோடு பேசத் தொடங்கிவிட்டாள். உப்பு, காய்கறி அளவில்.

ஜலஜாவின் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. மாப்பிள்ளை சன்னிவேலில் இருக்கிறாராம். சென்னியப்பன் போன் பண்ணி, "நான் அந்த ஃபேக்ஸ் அனுப்பியிருக்கக் கூடாதுங்க. என்ற மச்சான் சொல்லப் போயித்தான்..." என்று இழுத்தார். பரவாயில்லைங்க என்றேன். வேறென்ன சொல்ல? அவர் இருப்பதும் நம் ஊர்ப் பழக்கத்தில்தான். பெண்ணைக் கொடுக்கும் முன் விசாரிப்பார்கள்.

எங்கள் கம்பெனி டாக்டரிடம் முழங்கையைப் பற்றிக் கேட்டேன். ஒரு வருடமாக வலி என்றால் அதன்மேல் எறிவது தவறு என்றார். நீ ஜெயிக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். ஜெயிப்பவனிடம் நிறுத்து என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்கிறேன். நிறுத்து.

உன் ஆட்டம் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. கல்லூரியில் ஒருமுறை வந்தேன். எப்போது முடியும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "முடியும்போது முடியும்" என்றார். மறுநாள் வேலை, மழை வேறு தூறியது, கிளம்பிவிட்டேன். நீ பந்து எறியும் மேட்டில் நின்று என் கார் வெளியே போவதைப் பார்த்தாய் என்று அம்மா பிறகு சொன்னாள். நீ என்னிடம் சொன்னதில்லை.

செப்டம்பரில் இரண்டு வாரம் லீவு கேட்டுக் கிடைத்துவிட்டது. தைவான் வருகிறேன். கடைசிவரை உட்கார்ந்து பார்க்கிறேன். எந்தத் தேதியில் நீ எறிவாய் என்று எழுது. டிக்கெட் வாங்க வேண்டும்.

அப்பா


தைச்சுங், தைவான்
17 ஆகஸ்ட் 1997

அப்பாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும்.

டிக்கெட் வாங்க வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது.

நான்காவது இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம். வேகப்பந்து. உள்ளே அறுந்தால் சத்தம் கேட்கும் என்பார்கள்; எனக்குக் கேட்கவில்லை. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மரத்துப் போயின. பந்து பாதி வழியில் தரையில் விழுந்து உருண்டது. நான் வழுக்கிவிட்டேன் என்று நினைத்து ஜனங்கள் உற்சாகப்படுத்தக் கை தட்டினார்கள். குனிந்து பந்தை எடுக்கப் போனேன். கை போகவில்லை. அப்புறம்தான் கைதட்டல் நின்றது.

தசைநார் முழுவதும் அறுந்துவிட்டது. ஒரு வருடமாக நூல் நூலாகப் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் செய்தால் சாப்பிடலாம், எழுதலாம், கார் ஓட்டலாம். எறிவதைப் பற்றி அவர் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை. அணியில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையாக நின்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை என் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று அம்மா போனில் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது. போகும் என்று தோன்றவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறேன்.

முப்பதாம் தேதி மாலை நெவார்க்கில் இறங்குகிறேன். இரண்டு பெரிய பெட்டி. ஒன்றைத்தான் என்னால் தூக்க முடியும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். கையைப் பார்த்தால் அங்கேயே அழுவாள். நீங்கள் மட்டும் வாருங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். பெட்டியைத் தூக்கினால் போதும்.

சபரி